கடைசி மூன்று நிமிடம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பசிதான் நேரம் தவறாமல் வருகிறது. உன் கழுத்து வலி எப்படி? நாள் முழுக்கக் குனிந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் செட் செய்துகொண்டிருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? அத்தான் சௌக்கியமா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, ஆகவே இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன். எனக்கும் வசதிதான். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஒத்திகை மண்டபத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் கீழே உள்ள சலவைக் கடையின் நீராவி உள்ளே வருகிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடுகிறேன். பியானோ ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கட்டை அமுக்கினால் எழுந்திருப்பதில்லை, கையால் தூக்கிவிட வேண்டும்.

'இளம் இசையமைப்பாளர் வளர்ச்சித் திட்டம்' என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஆறு பேர். மாதம் ஒரு முறை முழு இசைக்குழுவும் உட்கார்ந்து நாங்கள் எழுதியதை வாசித்துப் பார்க்கும். மே மாதம் கடைசி வாசிப்பு. அதில் ஒருவரைப் பொறுக்கி, அவர் எழுதியதைச் செப்டம்பர் கச்சேரியில் மேடையேற்றுவார்கள். டிக்கெட் எடுத்து வந்த ஜனங்கள் கேட்பார்கள்.

ஆறு பேரில் நான்தான் மூத்தவள். வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்கு இது நாலாவது திட்டம், இதற்குப் பிறகு எந்தத் திட்டத்துக்கும் நான் 'இளம்' இல்லை. மேடை ஏறவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது சத்தியம்தான்.

உன் தங்கை


ஜனவரி 27

அருமைத் தங்கச்சிக்கு, வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கழுத்து கழுத்தாக இருக்கிறது, அதைப் பற்றிப் பேசி அதற்கு இடம் கொடுக்க நான் தயாராக இல்லை. நீ பசிக்கிற நேரத்தில் சாப்பிடுகிறாயா அல்லது பசிக்கிறது என்று கடிதம்தான் எழுதுகிறாயா?

முப்பத்து நாலு வயதில் உன்னை 'வளர்க்கிறார்கள்' என்று அத்தானிடம் சொன்னேன். "இன்னும் எவ்வளவு உயரம் வளரப் போறாளாம்?" என்கிறார். என்னையும் இரண்டு வருடம் வேலை பழக வைத்தார்கள். அப்புறம் ஒரு நாள், "இந்தா, இந்தம்மாவுக்குக் கீழ்வரிசை, வியாழக்கிழமைக்குள்ள வேணும்" என்று அச்சைக் கையில் கொடுத்தார்கள். அதோடு நான் வளர்ந்தாயிற்று. உன் தொழிலில் அந்த வியாழக்கிழமை எப்போது வரும்? கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அத்தான் வேலை பார்க்கும் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலைக்கு உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறோம். தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. மே வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். நீ மேடை ஏறினால் அவருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். ஏறாவிட்டால் தெருவில் நிற்க வேண்டாமே.

ஜன்னலோடு சண்டை போடாதே. பாதி திறந்து ஒரு செருப்பை முட்டுக்கொடு.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்பு அக்கா,

செருப்பு வைத்தேன். நீராவி குறைந்தது, செருப்பு நனைந்தது. மற்றபடி சுகமாக இருக்கிறேன். உங்கள் இருவர் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

முதல் வாசிப்பு முடிந்தது. அது எப்படி நடக்கும் என்று நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. ஆளுக்கு இருபது நிமிடம். அறுபது பேர் நாம் எழுதிய நோட்ஸை முதன்முதலாகப் பார்த்து வாசிப்பார்கள். முன்னால் நின்று கோலசைத்துக் குழுவை நடத்துகிற கண்டக்டர் பத்து வரியில் நிறுத்துவார். "இந்த இடத்துல ஹார்ன் சத்தம் ஜாஸ்தி. இன்னொரு தடவை." மறுபடி ஆரம்பம். மறுபடி நிறுத்தம். செல்லோக்காரர் ஒரு சந்தேகம் கேட்பார். அதற்குள் இருபது நிமிடம் ஓடிவிடும். "ரொம்ப நல்லா வருது, அடுத்தவங்க வாங்க" என்பார்.

ஆகவே யாருடைய படைப்பும் பாதியைத் தாண்டியதில்லை. நாலு திட்டம், ஏழு படைப்பு எழுதியிருக்கிறேன், அக்கா. ஒன்றின் முடிவையும் என் காதால் கேட்டதில்லை. கற்பனையில் கேட்டதோடு சரி.

எங்களில் ஒருவன் இருக்கிறான், நாங்கள் 'தாடி' என்று கூப்பிடுவோம். அவனுக்கு இருபத்தாறு வயது, தாடிக்கு நாற்பது. அவன் சொல்கிறான், "முதல் ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் கொட்டிடணும். அதுக்குள்ள அவங்க முடிவு பண்ணிடுவாங்க. மிச்சத்தை யார் பார்க்கிறா?" எனக்கு எரிச்சலாக வந்தது. நான் மூன்று திட்டங்களில் கற்றுக்கொண்டதை இவன் ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டானே என்ற எரிச்சல்.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தங்கை


மார்ச் 4

வாலுக்கு,

நாங்கள் சுகம். ஒத்தடம் கொடுக்க அத்தானை நியமித்தேன், அவர் பேப்பர் படித்துக்கொண்டே கொடுத்ததில் காதுதான் வெந்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குத் தலை சுற்றியது. இத்தனை வருடமும் இதையா செய்துகொண்டிருந்தாய்? இடைவேளையோடு எழுந்து வந்த படத்தை நல்ல படம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதைப் போல இருக்கிறது. நீயாவது கேட்க வேண்டாமா? "ஐயா, ஒரே ஒரு தடவை கடைசி வரைக்கும் போங்க" என்று வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு? என்னிடம் மட்டும் அந்த வாய் காது வரை நீள்கிறது.

செப்டம்பர் கச்சேரிக்கு நாங்கள் வருவதாக இருக்கிறோம். அத்தான் இப்போதே லீவு சொல்லிவிட்டார். கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிப்பவர் என்றுதான் அவர் நினைப்பு, வந்து பார்த்துத் தெளியட்டும்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. நீ இப்போது எழுதுகிறாயே, அது எப்படி முடிகிறது?

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

தொடக்கத்தை மாற்றி மாற்றி எழுதினேன். ஓபோ என்கிற குழல் தனியாக ஆரம்பிக்கிறது, பின்னாலேயே வயலின்கள் யாரோ துரத்துவதுபோல் வருகின்றன. எனக்கு ஒதுக்கிய வழிகாட்டி அதைக் கேட்டுவிட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இந்த ரெண்டு நிமிஷம் போதும்மா உனக்கு" என்றார். தாடியின் முகம் தொங்கிவிட்டது. எனக்கு அல்ப சந்தோஷம்.

கடைசி வாசிப்புக்கான நோட்ஸை நேற்றுத்தான் கொடுத்தேன். கெடு முடிய ஒரு மணி நேரம் இருந்தது. பிரிண்டர் சிக்கி, படிக்கட்டில் ஓடி, ஒரே அமர்க்களம்.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்லா வரும்.

தங்கை


ஏப்ரல் 25

தங்கச்சிக்கு,

எல்லோரும் சௌக்கியம், உன் கடிதம் வந்த பிறகு நான் மட்டும் இல்லை.

'நல்லா வரும்' என்று நீ சொன்னால் எனக்கு நம்பிக்கை போய்விடும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கும் இதையேதான் சொன்னாய். நல்லா வரும் என்று சொன்னவள் பரீட்சைக்கே போகவில்லை என்பது எனக்குப் பள்ளிக்கூட வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது.

என்ன மறைக்கிறாய்? ஆள் யாராவது என்றால் என்ன வேலை பார்க்கிறான் என்று எழுது. நோய் என்றால் பெயரை எழுது. இரண்டும் இல்லையென்றால் அதையாவது எழுது.

பள்ளியில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

அக்கா


மே 14

வாலுக்கு,

நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சுகமா?

பதிலே இல்லை. போன் செய்தேன், அணைத்து வைத்திருக்கிறாய். தலைமை ஆசிரியை நேற்று நேரடியாகவே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "வருவா மேடம், கண்டிப்பா வருவா" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். கேட்டால் பதில் சொல்கிறவளாக நீ இருந்தாயா?

இரண்டு வரி எழுது. உயிரோடிருக்கிறேன் என்றாவது எழுது.

அக்கா


மே 23

அக்கா,

உயிரோடிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆளும் இல்லை.

உட்கார்ந்து படி. நான் முடிவை எழுதவே இல்லை.

ஏப்ரலில் கெடுவுக்கு முந்தின நாள்வரை அந்த முதல் இரண்டு நிமிடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நடுப்பகுதியை எப்படியோ ஒப்பேற்றினேன். கடைசி மூன்று நிமிடத்துக்கு நேரமே இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? எல்லா வாத்தியத்துக்கும் ஒரே ஒரு நீண்ட சுருதியை எழுதி, 'மெல்ல, இன்னும் மெல்ல' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். அங்கே யாரும் வந்து சேர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லையே.

கடைசி வாசிப்பு அன்று எங்கள் கண்டக்டருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக ஒரு அம்மா வந்தார். கட்டைக்குரல், காலில் ரப்பர் செருப்பு. பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, "முதல்ல ஒரு தடவை முழுசா வாசிச்சிடுவோம். நிறுத்த மாட்டேன். தப்பு வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஓபோ பிரமாதமாக ஆரம்பித்தது. வயலின்கள் துரத்தின. நடுவர்கள் தலையாட்டினார்கள். நானோ மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நிறுத்துங்கள், யாராவது சந்தேகம் கேளுங்கள், செல்லோக்காரரே, உங்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வருமே! யாரும் கேட்கவில்லை. நேராக அந்தச் சுருதிக்கு வந்துவிட்டார்கள்.

அது நீண்டது. நீண்டுகொண்டே இருந்தது. ஊதுகிறவர்களுக்கு மூச்சு தீர்ந்து ஒவ்வொருவராக விட்டார்கள். வயலின்காரர்கள் வில்லை இழுத்தபடியே அடுத்தவர் நோட்ஸை எட்டிப் பார்த்தார்கள், நமக்கு மட்டும்தான் இப்படியோ என்று. ஹார்ன்காரர் வாத்தியத்தைக் கவிழ்த்து, ஊதி ஊதி உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்தார். கடைசியில் ஒரு டபுள் பாஸ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "இதுதான் முடிவா?"

"ஆமா" என்றேன்.

நடுவர்களில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். "என்ன துணிச்சல்!" என்றார். அக்கா, என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். செப்டம்பரில் என் படைப்புத்தான்.

அதற்குப் பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தெருத் தெருவாக நடந்தேன். அன்றைக்குத்தான் அந்த மூன்று நிமிடத்தில் என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வெறிபிடித்தாற்போல் ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிட்டேன். உன் கடிதங்கள் கதவடியில் கிடந்தன, மிதித்துத் தாண்டிப் போனேன். மன்னித்துக்கொள். இப்போது என்னிடம் நிஜமான முடிவு இருக்கிறது. ஆனால் விதிப்படி, வாசித்ததில் ஒரு சுரத்தைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் வாய்ப்பு இரண்டாவதாக வந்த தாடிக்குப் போகும்.

மேடை கிடைத்துவிட்டது. மேடையில் என் முடிவு இருக்காது. நான் என்ன செய்ய?

தங்கை


ஜூன் 3

வாலுக்கு,

கடிதத்தை முதலில் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு நான் அழுதேன், பிறகு அந்த ஹார்ன்காரரை நினைத்து மறுபடி சிரித்தோம். நாங்கள் சுகம்.

கேட்டாயே, சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள். பொய் சொன்னாய், சரி. யாருடைய குடியும் கெடவில்லை. அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது. உனக்கு வயது முப்பத்து நாலு, இன்னொரு திட்டம் கிடையாது என்று நீதான் எழுதினாய். மேடை ஏறு, கும்பிடு போடு, பெயர் வரட்டும். உன் நிஜமான முடிவை அடுத்த படைப்பில் ஒட்டிக்கொள். எழுதினது எங்கேயும் ஓடிப் போகாது.

பள்ளிக்குப் போய், வரமாட்டாள் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை உன்னை வாழ்த்தினார். புடவை எடுத்தாயிற்று, ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இனி குட்டையைக் குழப்பாதே.

ஆசிகளுடன்,
அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? நான் நலம், நிஜமாகவே.

குட்டையைக் குழப்பிவிட்டேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினேன். நீ சொல்வதுதான் சரி என்று தினமும் காலையில் தோன்றும். சாயங்காலத்துக்குள் அது கசந்துவிடும். போன வாரம் திட்ட இயக்குநர் கூப்பிட்டு அச்சான நிகழ்ச்சித்தாளைக் காட்டினார். 'மௌனத்துள் கரையும் துணிச்சலான இறுதி' என்று போட்டிருந்தது. அதன் பக்கத்தில் என் முகம்.

"சார், அது இறுதி இல்ல. எனக்கு எழுத நேரமில்ல. நீங்க அங்க வரைக்கும் வாசிக்க மாட்டீங்கன்னு சும்மா போட்டுக் கொடுத்தேன்" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். கோபமே இல்லை, அக்கா, அக்கறையாகத்தான் சொன்னார். "எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நீங்க ஏன் சங்கடப்படுறீங்க?" நீ எழுதியதையே அவரும் சொன்னார். கொஞ்ச நேரம் உன் குரலாகவே கேட்டது.

கேட்கிறவர்களுக்குப் பிடித்தால் போதும் என்றால் நான் எதற்கு எழுத வேண்டும்? எழுதாமல் விட்டதற்கே கைதட்டுகிறார்களே. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இதோடு மேடை ஏறினால் இனி எப்போதும் முதல் இரண்டு நிமிடம்தான் எழுதுவேன்.

விலகிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். செப்டம்பரில் தாடி. அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, உங்களுக்குப் பைத்தியம்" என்றான்.

அறையை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். இனி இசைக்குழு அலுவலக விலாசத்துக்கு எழுது.

தங்கை


ஆகஸ்ட் 12

தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். எழுத மனமில்லாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டாய், நான் சொன்னேன், நீ அதற்கு நேர்மாறாகச் செய்தாய். பிறகு எதற்குக் கேட்டாய்? வேலையும் போயிற்று, மேடையும் போயிற்று. பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன சொல்வேன்? முடிவை எழுதவில்லை என்று நீயே உன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டாய் என்றா? அத்தான் மட்டும், "அவ பண்ணதுதான் சரி" என்கிறார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

உன் அறையில் துணி காயப்போடுகிறேன். வந்தால் எடுத்துவிடுகிறேன். எங்கே தங்கியிருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்பதை மட்டும் எழுது. சங்கீதம் பற்றி எழுதாதே.

அக்கா


செப்டம்பர் 22

என் அக்காவுக்கு,

உன் கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள். இசைக்குழு நூலகத்தில் நோட்ஸ் படியெடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஓபோ வாசிக்கிற பெண் வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நீ கேட்டது முடிந்தது. இனி சங்கீதம்.

அந்தக் கட்டைக்குரல் அம்மா நூலகத்துக்கு வந்திருந்தார். "அந்த முடிவை எழுதிட்டீங்களா?" என்றார் எடுத்த எடுப்பில். எல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. பக்கத்து ஊரில் அவருக்கு ஒரு குழு இருக்கிறது. நர்ஸ், வங்கி ஊழியர், லிஃப்ட் ரிப்பேர் செய்பவர் என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுகிற ஆட்கள். "பாதிப் பேர் தப்பா வாசிப்பாங்க. ஆனா நிறுத்த மாட்டோம். நிறுத்தினா மறுபடி ஒண்ணா ஆரம்பிக்க எங்களுக்கு வராது" என்றார்.

புது முடிவோடு நோட்ஸைக் கொடுத்தேன், நேற்று ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாசித்தார்கள். கூட்டம் என்று பார்த்தால் வாசித்தவர்களின் வீட்டார்தான். ஓபோ மூச்சு வாங்கியது, வயலின்கள் துரத்தவில்லை, நொண்டின. நடுப்பகுதியில் இரண்டு பேர் வழி தவறிப் போய்த் திரும்பி வந்தார்கள். பிறகு கடைசி மூன்று நிமிடம் வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நல்லாவே இல்லை, அக்கா.

டிரம்பெட்டை அவசரப்பட்டு உள்ளே விட்டிருக்கிறேன், அது வயலின்களை விழுங்கிவிட்டது. ஒரு தடவை முடித்துவிட்டு, முடித்தது போதாதென்று மறுபடி முடித்து, அதற்கு மேலும் ஒரு தடவை முடித்திருக்கிறேன். முதல் தடவையே முன்வரிசையில் ஒருவர் கைதட்டிவிட்டார். மனைவி அவர் கையைப் பிடித்து இறக்கினார். மூன்றாவது தடவை முடிந்தபோது நம்பிக் கைதட்ட ஆளில்லை. நானாக இருந்தாலும் தட்டியிருக்க மாட்டேன்.

நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. இத்தனை வருடமும் என் முடிவுகள் எல்லாமே அற்புதம் என்று நம்பிக்கொண்டிருந்தேன், ஒன்றையும் கேட்காததால். நேற்று ஒன்றைக் கேட்டுவிட்டேன். எங்கே சொதப்பினேன் என்று இடம் இடமாகத் தெரிகிறது, கை அரிக்கிறது.

அந்த அம்மாவிடம் போய், "திருத்திட்டு வந்தா மறுபடி வாசிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணி. லேட்டா வராதீங்க" என்றார்.

இப்படிக்கு,
உன் தங்கை